அர்ஜென்டினா வரிசையில் மசாயே

மசாயேவின் கழுத்தில் தொங்கிய அட்டையில் அர்ஜென்டினா என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே அவளுடைய பெயர். ஜப்பானின் ஒகினாவாத் தீவில் இதொமான் துறைமுகத்தை விட்டு ஒரு மாதம் சேர்ந்தாற்போல் வெளியே இருந்தறியாதவள், கராத்தே மண்டபத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கே கோணல்மாணலாகக் கிடந்த மற்றவர்களின் செருப்புகளை முதன்முறையாக அடுக்கி வைக்காமல் உள்ளே நடந்தாள்.

பதிவு மேஜையில் உட்கார்ந்திருந்த சுனகாவா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அட்டையைப் படித்தார். அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். சர்வதேசப் பயிற்சி முகாம் என்றால் சாவிக்கொத்திலிருந்து விசில் வரை எல்லாம் அவர் கையில்தான்.

"ஏம்மா மசாயே, நீ எப்ப அர்ஜென்டினாவுக்குக் குடிபோன?"

"போன வாரந்தாண்ணே."

"விசா கெடச்சிருச்சா?"

"நோர்மா வாங்கிக் குடுத்துட்டா."

"சரி சரி, வெளையாட்டெல்லாம் போதும். உள்ள போயி அந்தப் பெரிய கெட்டில வையி. ஜெர்மனிக்காரங்க பஸ்ஸு வந்துருச்சு."

"நான் இந்தத் தடவ பயிற்சிக்கு வந்திருக்கேண்ணே."

"எல்லாருந்தான் பயிற்சிக்கு வந்திருக்கோம்" என்றார் சுனகாவா.

அவர் பொய் சொல்லவில்லை. புயல் காலம் ஓய்ந்து வரும் அக்டோபரில் ஆண்டுதோறும் முகாம் நடக்கும்; உலகத்தின் நாலா மூலையிலிருந்தும் ஆட்கள் ஒகினாவாவில் வந்து இறங்குவார்கள். வருகிறவர்கள் கற்றுக்கொள்ள வருகிறார்கள், ஊர்க்காரர்கள் உபசரிக்க வருகிறார்கள். ஊர்க்காரர்களுக்கென்று தனிப் பதிவு கிடையாது. வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு வருவார்கள், பெட்டி தூக்குவார்கள், தரை துடைப்பார்கள், இடையில் நேரம் கிடைத்தால் கடைசி வரிசையில் நின்று சேர்ந்துகொள்வார்கள். ஆண்களுக்கு அந்த இடைநேரம் எப்படியோ கிடைத்துவிடும். பெண்களுக்கு ஒரு தேநீருக்கும் அடுத்த தேநீருக்கும் நடுவில் கோப்பை கழுவுகிற நேரம்தான் மிஞ்சும். யாரும் யாரையும் அடுக்களைக்குப் போ என்று விரட்டியதில்லை. விருந்தாளி தாகத்தோடு நின்றால் ஊருக்கே தலைகுனிவு என்பது எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். அதனால் சுறுசுறுப்பான கை எதுவோ அது முதலில் அங்கே போய்ச் சேரும்.

மசாயேவின் கைச் சுறுசுறுப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இதொமானில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறவள். ஆள் உள்ளே உட்கார்ந்து குளிக்கலாம் போன்ற அண்டாக்களில், படகுத் துடுப்பு நீளத்துக்கு இருக்கும் கரண்டியால் குழம்பு கிண்டுவாள். கிண்டும்போது கால்கள் தாமாக அகன்று இடுப்பு தாழ்ந்துவிடும். "மசாயே அக்கா அடுப்போட சண்டைக்கு நிக்கிறாங்க" என்று புதிதாகச் சேர்ந்த பெண்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், ஆனால் இடுப்பு மேலே வராது.

கராத்தேவுக்கு அவள் வந்ததும் ஒரு தற்செயல். கடைசி மகனைச் சமுதாயக் கூடத்து வகுப்புக்குக் கூட்டிப்போன இடத்தில், மற்றத் தாய்மார்களோடு சுவரோரம் உட்கார்ந்து கதை பேசப் பிடிக்காமல் எழுந்து பின்வரிசையில் நின்றுகொண்டாள். மகன் மறு வருஷமே பேஸ்பால் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். அம்மா அங்கேயே தங்கிவிட்டாள். இடுப்பில் கட்டும் கறுப்புப் பட்டை இப்போது விளிம்புகளில் வெள்ளை நூல் தெரிய நைந்துவிட்டது. விடிகாலையில் கணவன் கென்யூவின் படகு கடல்பாசிப் பண்ணைக்குக் கிளம்பிப் போன பிறகு, அலைத்தடுப்புச் சுவரின் மேல் தனியாக நின்று பயிற்சி செய்வாள். எதிர்க்காற்று அடிக்கிற நாளில் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக.

இவ்வளவுக்கும் அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான்.

முகாமின் கடைசி நாள், விருந்துக்கு முன்பு, எல்லோரும் சேர்ந்து சான்சின் செய்வார்கள். மூச்சை அடிவயிற்றில் கட்டி, கால்விரல்களால் தரையைப் பற்றி, மெதுவாக மூன்றடி முன்னே வைத்துக் கையை நீட்டி மடக்கும் பயிற்சி. பார்க்கிறவர்களுக்கு அங்கே ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். அப்போது தெங்கான் மாஸ்டர் வரிசைகளுக்கு நடுவே நடந்து வருவார். எண்பதைத் தாண்டிய கரும்பு விவசாயி. ஒவ்வொருவர் பின்னாலும் நின்று இரண்டு உள்ளங்கைகளாலும் தோளில் ஓங்கி அறைவார், தொடையைத் தட்டுவார், முதுகை ஒரு விரலால் அழுத்துவார். நிற்கிற ஆள் உண்மையிலேயே நிற்கிறாரா என்று பார்க்கும் சோதனை. அதற்காகவே கடல் தாண்டி வருகிறவர்கள் உண்டு. அறை வாங்கியவர்கள் உடுப்பை விலக்கி, தோளில் பதிந்த விரல் தடத்தை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு, பரிசு வாங்கிய பிள்ளைகளைப் போல அடுக்களைப் பக்கம் வருவார்கள். மசாயேவிடமும் காட்டுவார்கள். "அட, நல்லா விழுந்திருக்கே" என்று சொல்லி அவள் சூப் கிண்ணத்தை நீட்டுவாள். எத்தனை நாட்டுத் தோள்களில் அந்தத் தடத்தைப் பார்த்திருப்பாள்! அவள் தோளில் மட்டும் அது விழுந்ததில்லை. அந்த நேரத்தில்தான் விருந்துச் சூப் கொதிக்கும்.

இந்தப் புத்தாண்டுக்கு வாழ்த்துச் சொல்லப் போனவர்களிடம் தெங்கான் மாஸ்டர், "இந்த வருஷத்தோட சரிப்பா. இடுப்பு பேச்சுக் கேக்க மாட்டேங்குது. அடுத்த முகாமுக்கு நாற்காலி போட்டு உக்காந்து வேடிக்க பாக்குறேன்" என்று சொல்லிவிட்டார். அந்தச் செய்தி இதொமானுக்கு வந்த அன்று மசாயே கிண்டிய குழம்பில் உப்பு இரண்டு முறை விழுந்தது.

நோர்மா கானாஷிரோவிடம் இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. நோர்மா புவெனஸ் அயர்ஸில் சலவைக் கடை வைத்திருப்பவள். அவள் தாத்தா இதொமானிலிருந்து கப்பலேறியவர். டோக்கியோக்காரர்கள் பேசும் ஜப்பானிய மொழி அவளுக்குச் சுத்தமாக வராது. தாத்தா மூட்டையோடு கொண்டுபோன பழைய மீனவர் பேச்சு மட்டும் அப்படியே நாவில் இருந்தது. அவள் வாயைத் திறந்தால் ஊர்க்காரர்கள் செத்துப்போன கொள்ளுத்தாத்தாவின் குரல் கேட்டது போலத் திகைத்து, பிறகு வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். போன வருஷ முகாம் முடிந்து விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது அவள் மசாயேவின் சட்டை நுனியைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏட்டி மசாயே, இந்த உடுப்பு வேர்வையில நனைஞ்சு நான் பாத்ததே இல்ல. தேத்தண்ணியிலதாம் நனைஞ்சிருக்கு. சலவைக்காரிகிட்ட மறைக்க முடியுமாட்டி?"

இந்த வருஷம் நோர்மாவோடு வரவிருந்த ஒருவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அந்த இடத்தில் நோர்மா, மசாயேவின் பெயரை எழுதி அனுப்பிவிட்டாள். வெளிநாட்டுச் சங்கம் தன் உறுப்பினர் என்று யாரை எழுதுகிறதோ அவர்தான் உறுப்பினர். முகாமின் விதியில் வேறெதுவும் இல்லை. தொலைபேசியில் கேட்டபோது மசாயே வெட்கத்தில் இன்னொரு கையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆக, முதல் நாள் அவள் அர்ஜென்டினா வரிசையில் நின்றாள். முன்னே நோர்மா, பின்னே ராமிரோ என்ற கசாப்புக்கடைக்காரர். அவர் நின்றால் இரண்டு பேர் நிற்கும் இடம் நிறைந்துவிடும். அந்த வரிசைக்கு மொழிபெயர்க்க டோக்கியோவிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் வந்திருந்தாள், ஹோனோகா என்று பெயர். மேடையிலிருந்து ஊர்ப் பயிற்சியாளர் ஒன்று சொன்னால், அந்தப் பெண் வரிசை நெடுக நடந்து ஒவ்வொருவருக்கும் ஸ்பானிய மொழியில் சொல்லுவாள். மசாயேவின் முன் வந்ததும் குரலைத் தணித்து, நிறுத்தி நிதானமாக, கைகளால் இடுப்பைத் தாழ்த்திக் காட்டி, முழங்காலை வளைத்துக் காட்டி, வியர்க்க வியர்க்க விளக்கினாள். மசாயே "ஸி, ஸி" என்று ஆமாம் போட்டுத் தலையாட்டினாள். நோர்மாவின் முதுகு சிரிப்பை அடக்கிக் குலுங்கிக்கொண்டே இருந்தது. மதிய இடைவேளையில் உண்மை வெளியே வந்துவிட்டது.

"தங்கச்சி, மன்னிச்சுக்கோம்மா. என் வீடு இங்கதான், இதொமான் மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால" என்றாள் மசாயே.

ஹோனோகாவின் முகம் காது வரை சிவந்துவிட்டது. "மொதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா!"

"நீ அவ்வளவு பாடுபட்டுச் சொன்ன. பாதியில நிறுத்தச் சொல்ல மனசு வரல. அதோட நல்லாவும் இருந்துச்சு. எனக்குன்னு ஒருத்தர் இவ்வளவு பொறுமையா எதையும் சொல்லிக் குடுத்ததில்ல."

பிற்பகலில் மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டிவைத்துத் தள்ளிப் பார்க்கும் பயிற்சி. அவளுக்கு வாய்த்த ஜோடி ராமிரோ. முதலில் அவர் கண்ணாடிப் பாத்திரத்தைத் தொடுவது போல மெதுவாகத் தள்ளினார். அவள் அசையவில்லை. கொஞ்சம் அழுத்தினார். அசையவில்லை. பிறகு மாட்டுத் தொடையைக் கொக்கியில் தூக்கி மாட்டுகிற பலம் முழுவதையும் கொண்டுவந்தார். அவளுடைய கை அந்த பலத்தை ஒரு வட்டத்தில் வாங்கி, அண்டாவில் கரண்டி சுற்றுவது போலச் சுற்றி, அவர் மார்பிலேயே கொண்டுபோய்த் திருப்பி வைத்தது. ராமிரோ இரண்டடி பின்னால் போய் நின்று, அந்தக் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எப்படி வந்துச்சின்னு கேக்கான்" என்றாள் நோர்மா.

"குழம்பு கிண்டித்தான்னு சொல்லு."

நோர்மா சொன்னாள். ராமிரோ சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் தொடையில் ஒட்டிவைத்து, ஆழமாகக் குனிந்து வணங்கினார். மசாயே பதறிப்போய் அதைவிட ஆழமாகக் குனிந்தாள். அவர் இன்னும் குனிந்தார். நோர்மா குறுக்கே வந்து பிரித்துவிட வேண்டியிருந்தது.

முதல் நாள் இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகக் கழிந்தது. இரண்டாம் நாள் வெயில் வெளுத்து வாங்கியது. கதவுகளையெல்லாம் திறந்து வைத்தும் மண்டபத்துக்குள் காற்று இல்லை. இடைவேளைக்கு விசில் ஊதிய பிறகும் தேநீர் வரவில்லை. ஐரோப்பியர்கள் சட்டையால் விசிறிக்கொண்டு அடுக்களை வாசலைப் பார்த்தார்கள். மசாயேவின் கைகள் துறுதுறுத்தன. மல்லிகைத் தேநீரை முந்தின நாளே காய்ச்சிப் பனிக்கட்டியில் வைக்க வேண்டும். வைக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதை எப்போதும் வைப்பவள் அவள்தான்.

ஒரு வழியாகத் தொயோமி தட்டோடு வந்தாள். மசாயேவோடு பள்ளிச் சமையல் கூடத்திலும் இந்த அடுக்களையிலும் பல வருஷமாகத் தோளோடு தோள் உரச நின்றவள். அவளும் கறுப்புப் பட்டைக்காரிதான். உடுப்பின் கைகளைச் சுருட்டிவிட்டு, முகமெல்லாம் ஆவி பட்டுச் சிவந்திருந்தாள். அர்ஜென்டினா வரிசைக்கு வந்ததும் தட்டைக் கொஞ்சம் அதிகமாகவே தாழ்த்திப் பிடித்தாள்.

"ஸென்யோரா அம்மாவுக்குத் தேத்தண்ணி வேணுங்களா?"

"தொயோமி..."

"சூடாத்தான் இருக்கும். பொறுத்துக்கணும். நான் ஒருத்தி மூணு கெட்டிலையும் பாக்குறேன். உங்க நாட்டுல இந்த மாதிரி வழக்கம் இருக்கோ என்னமோ."

மசாயே இரண்டு கைகளாலும் கோப்பையை வாங்கிக்கொண்டாள். ஒரு மிடறு குடித்தாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். நோர்மாவின் கை பின்னாலிருந்து அவளுடைய பட்டையைப் பிடித்தது.

"எங்கட்டி போற?"

"பாத்ரூமுக்கு."

"பாத்ரூம் அந்தப் பக்கம். இது அடுப்படி."

மசாயே உட்கார்ந்தாள். அன்று முழுக்க அவள் கை வீச்சில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை அடுக்களையில் பாத்திரம் உருளும்போதும் அவள் காது அங்கே போய்விட்டு வந்தது.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது கென்யூ முற்றத்தில் உட்கார்ந்து பாசி வலைக் கயிறுகளில் ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவளும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். 

"தொயோமி பேசுனதுல என்ன தப்பு?" என்றாள் மசாயே. தொயோமி பேசியதை அவள் இன்னும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"என்ன பேசுனா?"

சொன்னாள்.

"தப்பில்ல. நாளைக்கு நீ போயி கெட்டில் வையி" என்றார் கென்யூ.

அவள் கத்தி நின்றது.

"போறதுன்னா போ. ஆனா அடுத்த வருஷம் பூரா, அந்தக் கெழவர் கையி எப்படி இருந்திருக்கும், எங்க பட்டிருக்கும்னு என்கிட்டப் பொலம்பாத. காது கேக்காத மாதிரி நடிச்சு நடிச்சு எனக்கும் அலுத்துப்போச்சு."

"நான் எங்க பொலம்புனேன்?"

"தூக்கத்துல கூட மூச்ச இழுத்துக் கட்டுற. பக்கத்துல படுத்திருக்கிறவன் செத்தானா பொழைச்சானான்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியா?"

அவள் கையிலிருந்த சிப்பித் துண்டை அவர் மேல் எறிந்தாள். அன்று அவ்வளவுதான் பேச்சு.

மூன்றாம் நாள், முகாமின் கடைசி நாள், மண்டபத்துக்கு வந்ததும் அவள் நேராக அடுக்களைக்குப் போனாள். தொயோமி பன்றி எலும்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். மசாயே சட்டைக் கையைச் சுருட்டி, பெரிய பானைகளைத் தூக்கி அடுப்பில் ஏற்றி, நீர் நிரப்பி, கிண்ணங்களை அடுக்கி, பனிக்கட்டிப் பெட்டியில் தேநீர் ஜாடிகளை இறக்கி வைத்தாள். முதல் விசில் ஊதியது. சுருட்டிய கையை இறக்கிவிட்டாள்.

"நான் போறேன் தொயோமி."

தொயோமி நிமிர்ந்து பார்க்கவில்லை. "போ. அதான் எல்லாத்தையும் பண்ணிட்டியே. இனிமே நான் என்னத்தச் சொல்லித் திட்டுறது" என்றாள் எலும்பிடம்.

சான்சினுக்கு அணிவகுத்தபோது மண்டபம் அமைதியானது. அத்தனை பேர் ஒன்றாக மூச்சை இழுக்கும் சத்தம், கூழாங்கல் கரையில் அலை பின்வாங்குவது போல இருந்தது. தெங்கான் மாஸ்டர் முதல் வரிசையில் தொடங்கினார். இடது கால் கொஞ்சம் இழுத்தது. ஆனால் ஒவ்வொரு ஆளின் பின்னாலும் வந்து நிற்கும்போது அந்த இழுப்பு காணாமல் போனது. படார் என்று தோள்களில் விழும் அறை. சின்ன இடைவெளி. மறுபடி படார். பிரான்ஸ் வரிசை, கனடா வரிசை. அர்ஜென்டினாவுக்கு இன்னும் இரண்டு வரிசைகள்.

அப்போது சுனகாவா சுவரோரமாகக் குனிந்து குனிந்து வந்தார்.

"மசாயே" என்றார் காதோரம். "தொயோமிக்கு மணிக்கட்டுல ஆவி அடிச்சுருச்சு. பயப்பட ஒண்ணுமில்ல, தண்ணியில புடிச்சிட்டிருக்கா. ஆனா பானைய எறக்க ஆளில்ல, சூப்பு பொங்குது. ஒரு அரை மணி நேரம் வந்துட்டுப் போயிரு."

மசாயேவின் வலது கால் தரையை விட்டு எழும்பியது. அதை அவள் எழுப்பவில்லை. சுனகாவா திரும்பி இரண்டடி நடந்தும்விட்டார். அவள் பின்னால் வருவாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. இத்தனை வருஷமாக வந்திருக்கிறாள்.

எழும்பிய கால் எழும்பிய இடத்திலேயே இறங்கியது.

"வரலண்ணே" என்றாள்.

சுனகாவா நின்றார். "என்னம்மா?"

"நான் வரல. தொயோமியப் பாத்துக்கங்க. நான் வரல."

 பெரியவர் ஒருவரிடம் அவள் சொன்ன முதல் மறுப்பு அது. சுனகாவாவுக்குக் கோபம் வரவில்லை. பள்ளத்தில் கால் வைத்தவர் போல முழித்தார். அவர்கள் பேசிய மொழி ராமிரோவுக்குத் தெரியாது. ஆனால் கடை வைத்திருக்கிற மனிதர். அடுக்களையிலிருந்து வந்த தீய்ந்த வாசனையும் சுனகாவாவின் முகமும் அவருக்குப் போதும். நோர்மாவிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டு வரிசையிலிருந்து விலகி நடந்தார். அவரோடு இன்னும் இருவர் போனார்கள்.

"ஐயோ, ஐயோ, விருந்தாளிங்க அடுப்படிக்கா!" சுனகாவா கை இரண்டையும் விரித்துக்கொண்டு அவர்கள் குறுக்கே ஓடினார். ராமிரோ அவரை நாற்காலியை நகர்த்துவது போலப் பக்குவமாக ஓரத்தில் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனார்.

"அவங்க போகக்கூடாது நோர்மா" என்றாள் மசாயே பல்லுக்கு நடுவே. "மாஸ்டர் கைய விட்டுட்டுப் போறாங்க. இவ்வளவு தூரம் வந்தவங்க."

"ராமிரோ தோளு ஏற்கெனவே ரெண்டு முகாம்ல அறை வாங்கிருக்கு. நீ நில்லுட்டி."

"என்னால நிக்க முடியல."

"முடியாததுனாலதாம் இதுக்குப் பேரு பயிற்சி. வாய மூடு, மூச்ச இழு."

அவள் மூச்சை இழுத்தாள். கைகளை முன்னே கொண்டுவந்தாள். காய்ந்த கரும்புத் தோகை மணம் பக்கத்தில் வந்தது. தெங்கான் மாஸ்டர் வரிசைக்குள் வந்துவிட்டார். அடுக்களை வாசலில் தொயோமி மணிக்கட்டில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு நிற்பது கண்ணோரத்தில் தெரிந்தது. அவளுடைய முகத்தைப் படிக்க மசாயேவுக்கு நேரமில்லை.

மாஸ்டர் பின்னால் வந்து நின்றார். அறை விழவில்லை. விழுவதற்கு முன்னால், அடுக்களைக்குள் ஏதோ சரிந்தது. தட்டுகள்தான். முதலில் ஒன்று, பிறகு ஒரு அடுக்கு முழுவதும், பிறகு தயங்கித் தயங்கி மிச்சம் ஒவ்வொன்றாக. ராமிரோவின் பெரிய குரல் அவர் மொழியில் ஏதோ கடவுளைக் கூப்பிட்டது. மண்டபத்தில் இருந்த மற்ற ஊர்க்காரர்கள் அத்தனை பேரின் தலையும் ஒரே நேரத்தில் திரும்பியது. ஊர்ப் பயிற்சியாளர் ஒருவர் ஓடவே தொடங்கினார். தொயோமி வாசலிலிருந்து மறைந்தாள்.

மசாயேவின் கை நீண்டுகொண்டிருந்தது. அது நீண்டு முடித்தது. மடங்கி விலாவுக்கு வந்தது. கால்விரல்கள் மரத்தரையைப் பிடித்திருந்தன. அலைத்தடுப்புச் சுவரின் மேல் எதிர்க்காற்றில் நிற்கிற அதே பிடி. அவள் பின்னால் இருந்த மனிதர் அவசரப்படவில்லை. தட்டுச் சத்தம் முழுவதும் அடங்கும் வரை காத்திருந்தார்.

பிறகு அறை விழுந்தது. இரண்டு தோள்களிலும், பாறையின் மேல் வலைக்குண்டு விழுந்தது போல. அடுத்தது தொடையில். அடுத்து நடுமுதுகில் ஒரு விரல், மெதுவாக, ஏதோ பழத்தின் பதம் பார்ப்பது போல அழுந்தியது. அழுந்திய இடத்தில் ஒன்றும் உள்ளே போகவில்லை.

"எத்தன தட்டு போச்சு?" என்று கேட்டார் தெங்கான் மாஸ்டர், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

மூச்சு பாதியில் இருந்தது. அவள் அதை முழுவதும் விட்டு முடித்தாள். விட்டு முடித்த பிறகுதான் சொன்னாள்.

"எண்ணல மாஸ்டர்."

"ம்" என்றார் அவர். காலை இழுத்துக்கொண்டு நோர்மாவின் பின்னால் போய் நின்றார்.

மசாயே மூன்றாவது அடியை வைத்தாள்.